ஐரோப்பாவில் மருத்துவச் செலவை யார் ஏற்கிறார்கள்?

ஐரோப்பாவில் மருத்துவம் இலவசம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் லண்டனில் இருக்கும் உறவினர், மருத்துவமனையில் ஒரு காசும் வாங்குவதில்லை, காத்திருப்புதான் தாங்கமுடியவில்லை என்கிறார். சூரிச்சில் இருப்பவர், மாதாமாதம் காப்பீட்டுக்குக் கட்டும் தொகை வீட்டு வாடகைக்கு அடுத்த பெரிய செலவு என்கிறார். பாரிஸில் இருப்பவரோ, மருத்துவரிடம் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். உண்மையில் நடைமுறை என்ன, எந்த நாட்டு முறை சிறந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

மூவரும் சொல்வது சரி. எந்த நாட்டிலும் மருத்துவம் இலவசமாகக் கிடைப்பதில்லை. நோய் வருவதற்கு முன்பே எல்லாரும் சேர்ந்து பணம் செலுத்திவிடுகிறார்கள். அந்தப் பணம் வரியாகப் போகிறதா, சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் சந்தாவாகப் போகிறதா, காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டும் பிரீமியமாகப் போகிறதா என்பதில்தான் நாடுகள் வேறுபடுகின்றன. பாடநூல்கள் இவற்றைச் சந்தாவில் இயங்கும் பிஸ்மார்க் முறை என்றும், வரியில் இயங்கும் பெவரிட்ஜ் முறை என்றும் இரண்டாகப் பிரிக்கின்றன. வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்தப் பிரிவு உதவும். இன்றைய நிலையைப் புரிந்துகொள்ள அது போதாது என்பது என் கருத்து. எந்த முறையிலும் பணம் வரம்புக்கு உட்பட்டதுதான். அந்த வரம்பை நோயாளி எங்கே உணர்கிறார், தன் பையிலா, காத்திருக்கும் மாதங்களிலா, கிடைக்காத சிகிச்சையிலா என்று கேட்டால்தான் ஒரு நாட்டின் முறை நமக்குத் தெளிவாகத் தெரியும்.

ஜெர்மனியிலிருந்து தொடங்குவதே முறை. 1878இல் சோஷலிஸ்டுகளின் அமைப்புகளையும் கூட்டங்களையும் தடைசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்த அதே சான்சலர் (அரசின் தலைமை அமைச்சர்) பிஸ்மார்க்தான் 1883இல் தொழிலாளர்களுக்கான நோய்க் காப்பீட்டுச் சட்டத்தையும் கொண்டுவந்தார். தொழிலாளர்களை அந்த இயக்கத்திடமிருந்து பிரித்து அரசின் பக்கம் ஈர்ப்பது அவருடைய நோக்கம். கைவினைஞர் சங்கங்களும் தொழிற்சாலைகளும் சுரங்கங்களும் ஏற்கெனவே நடத்திவந்த உதவி நிதியங்களையே சட்டத்துக்குள் கொண்டுவந்து, சேர்வதைக் கட்டாயமாக்கினார். சந்தாவில் மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளரும் ஒரு பங்கை முதலாளியும் கொடுத்தார்கள். நிர்வாகக் குழுவிலும் அதே விகிதத்தில் இடம் கிடைத்தது. அதனால், யாரை ஒடுக்க நினைத்தாரோ அந்த சோஷலிஸ்டுகளே காலப்போக்கில் பல நிதியங்களின் நிர்வாகத்தில் செல்வாக்குப் பெற்றார்கள்.

அன்று தொழிலாளர்களுக்கு மட்டும் இருந்த அந்த ஏற்பாடு இன்று மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பேரை அடக்கியிருக்கிறது. சம்பளத்தில் 14.6 சதவீதம் பொதுச் சந்தா. அதற்கு மேல் ஒவ்வொரு நிதியமும் தனக்கு வேண்டிய கூடுதல் சந்தாவை விதித்துக்கொள்கிறது. 2025ஆம் ஆண்டுக்கு அரசு நிர்ணயித்த சராசரிக் கூடுதல் சந்தா 2.5 சதவீதம். இரண்டையும் ஊழியரும் முதலாளியும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்கிறார்கள். வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சந்தா கிடையாது. இருபதாயிரம் யூரோ சம்பளக்காரரும் ஐம்பதாயிரம் யூரோ சம்பளக்காரரும் ஒரே விகிதத்தில் கட்டிவிட்டு ஒரே சிகிச்சையைப் பெறுகிறார்கள். ஒரு குறிப்பிட்ட உச்ச வருமானத்துக்கு மேல் சந்தா ஏறுவதில்லை என்பது இதில் உள்ள குறை. மிகப் பெரிய சம்பளக்காரர் தம் வருமானத்தில் கொடுக்கும் பங்கு அதனால் குறைந்துவிடுகிறது.

நிதியங்கள் அரசுத் துறைகளும் அல்ல, இலாப நிறுவனங்களும் அல்ல. 1996 முதல் யாரும் தமக்கு வேண்டிய நிதியத்தைத் தேர்ந்துகொள்ளலாம். 1990களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கும் மேல் இருந்த நிதியங்கள் ஒன்றோடொன்று இணைந்து இன்று நூறுக்கும் கீழே வந்துவிட்டன. இப்படித் தேர்வுரிமை கொடுத்தவுடன் ஒரு சிக்கல் எழும்: இளைஞர்களை அதிகம் சேர்த்த நிதியம் மலிவாக நடக்கும், முதியோரைச் சுமக்கும் நிதியம் மூழ்கும். அதைத் தவிர்க்க, 2009 முதல் எல்லாச் சந்தாவும் முதலில் ஒரே மைய நிதிக்குப் போகிறது. அங்கிருந்து ஒவ்வோர் உறுப்பினரின் வயது, பால், நோய்நிலை ஆகியவற்றைக் கணக்கிட்டு நிதியங்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. நீரிழிவு நோயாளியைச் சேர்த்துக்கொள்ளும் நிதியத்துக்கு அதற்கேற்ற கூடுதல் தொகை வந்துவிடும். இதை இடர் ஈடுசெய்தல் என்கிறார்கள். போட்டியும் பகிர்வும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமானால் இந்தக் கணக்கு இல்லாமல் முடியாது; பொது விவாதங்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான்.

ஜெர்மானியர் வரம்பை எங்கே உணர்கிறார்? பையில் அதிகம் இல்லை: மருந்துக்கு விலையில் பத்து சதவீதம், அதுவும் பெரும்பாலும் 5 யூரோவிலிருந்து 10 யூரோ வரைதான், மருத்துவமனையில் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள் வரைதான். சிறப்பு மருத்துவரிடம் நேரடியாகப் போகலாம். ஆனால், அதிக வருமானமுள்ளவர்களும் சுயதொழில் செய்வோரும் அரசு அதிகாரிகளும் பொதுநிதியத்தை விட்டு விலகித் தனியார் காப்பீட்டுக்குப் போகச் சட்டம் இடம் தருகிறது. மக்கள்தொகையில் சுமார் பத்து சதவீதமாக உள்ள இவர்களுக்கு மருத்துவர்கள் கூடுதல் கட்டணம் வாங்கலாம் என்பதால், இவர்களுக்குச் சீக்கிரம் நேரம் கிடைக்கிறது. நல்ல வருமானமும் நல்ல உடல்நலமும் உள்ளவர்களைப் பொதுப் பகிர்விலிருந்து விலக விடுவது அந்த முறையின் அடிப்படையோடே முரண்படுகிறது. ஜெர்மனியின் மிகப் பெரிய அநீதி என நான் கருதுவது இதைத்தான். இன்னொரு பக்கம், ஆயிரம் பேருக்கு ஏழுக்கும் மேற்பட்ட மருத்துவமனைப் படுக்கைகள் அங்கே உள்ளன. சுவீடனில் அது சுமார் இரண்டுதான். படுக்கை இருந்தால் அதை நிரப்பும் தூண்டுதலும் இருக்கும். அதைச் சீர்செய்யத்தான் 2025 தொடக்கத்தில் மருத்துவமனைச் சீர்திருத்தச் சட்டம் அங்கே நடைமுறைக்கு வந்தது.

இந்த முறை எல்லை தாண்டிப் போன விதம் வியப்புக்குரியது. பிரான்சின் அல்சாஸ் மாகாணமும் லொரேனின் மொசெல் பகுதியும் 1871 முதல் 1918 வரை ஜெர்மனியின் வசம் இருந்தன. அந்தக் காலத்தில் பிஸ்மார்க் காப்பீடு அங்கே வந்தது; பிரான்சுக்குத் திரும்பிய பிறகும் மக்கள் அதை விடவில்லை. இன்றும் அந்தப் பகுதியில் வேலை செய்பவர் சற்றுக் கூடுதல் சந்தா கட்டுகிறார். பிரான்சின் மற்றப் பகுதிகளில் மருத்துவர் கட்டணத்தில் 70 சதவீதம் திரும்பக் கிடைக்கும்போது அவருக்கு 90 சதவீதம் கிடைக்கிறது. நெதர்லாந்தில் 1941இல் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஆணையாகப் பிறந்த கட்டாயக் காப்பீடு, போருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நிலைத்தது. ஒரு நாட்டின் மருத்துவ முறை அதன் மக்கள் கூடிப் பேசித் தேர்ந்த ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

பிரான்சின் பொதுத் திட்டம் 1945 அக்டோபரில் அரசு உயரதிகாரி பியேர் லாரோக், தொழிற்சங்கத் தலைவர் அம்புருவாஸ் குருவாஸா ஆகியோர் முன்னின்ற சமூகப் பாதுகாப்பு ஏற்பாட்டோடு தொடங்கியது. அதன் தனித்தன்மை, பணத்தை நோயாளிக்குத் திருப்பித் தருவது. கணக்கைப் பார்த்தால் புரியும். பொது மருத்துவர் கட்டணம் 2024 டிசம்பர் முதல் 30 யூரோ. இதில் பொதுக் காப்பீடு 70 சதவீதமாகிய 21 யூரோவை ஏற்றாலும், நோயாளி தவறாமல் கொடுக்க வேண்டிய 2 யூரோவைக் கழித்து 19 யூரோவைத் திருப்பித் தருகிறது. மீதி 9 யூரோவைத் துணைக் காப்பீடு கொடுக்கிறது. ஏறத்தாழ எல்லாரிடமும் துணைக் காப்பீடு உண்டு. 2016 முதல் தனியார் துறை முதலாளிகள் தம் ஊழியர்களுக்கு அதை எடுத்துத் தந்தே ஆக வேண்டும். புற்றுநோய், நீரிழிவு போன்ற நீண்டகால நோய்களுக்கு அந்நோய் சார்ந்த சிகிச்சைக்குப் பொதுக் காப்பீடே நூறு சதவீதம் தருகிறது. அதனால் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் நேரடியாகத் தம் கையிலிருந்து கொடுக்கும் பங்கு ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த அளவில் பிரான்சில் இருக்கிறது, பத்து சதவீதத்தை ஒட்டி. ஆனால் 1980 முதல் ஒரு பகுதி மருத்துவர்கள் நிர்ணயக் கட்டணத்துக்கு மேல் வாங்க அனுமதி பெற்றிருக்கிறார்கள். பாரிஸ் போன்ற நகரங்களில் சிறப்பு மருத்துவரைத் தேடுவோர் அந்த மேல்தொகையை நன்றாகவே உணர்வார்கள்.

நெதர்லாந்தையும் சுவிட்சர்லாந்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயன் தரும். இரண்டிலும் ஒவ்வொருவரும் காப்பீட்டு நிறுவனத்திடம் அடிப்படைக் காப்பீடு வாங்கியாக வேண்டும். நிறுவனம் யாரையும் மறுக்கக் கூடாது; நோயுள்ளவருக்குக் கூடுதல் விலை சொல்லக் கூடாது; எதைக் காப்பீடு செய்ய வேண்டும் என்பதைச் சட்டம் சொல்கிறது. பெயரளவில் சந்தை, உள்ளே அரசின் பிடி இறுக்கமானது. வேறுபாடு பணம் திரட்டும் விதத்தில் இருக்கிறது. நெதர்லாந்தின் 2006 சட்டப்படி, மொத்தப் பணத்தில் பாதி வருமானத்துக்கு ஏற்ற சந்தாவாக முதலாளிகள் மூலம் வருகிறது. மறுபாதிதான் பிரீமியம் முதலியவற்றிலிருந்து. வருமானம் குறைந்தவர்களுக்குப் பிரீமியத்துக்கு அரசு உதவித்தொகை தருகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பிரீமியம் இல்லை. சிகிச்சைச் செலவில் முதல் 385 யூரோவை நோயாளியே கொடுக்க வேண்டும். ஆனால் குடும்ப மருத்துவரைப் பார்க்க அந்தக் கணக்கு இல்லை. நோயைத் தொடக்கத்திலேயே காட்டுவதற்குத் தடை இருக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது.

சுவிட்சர்லாந்தில் 1994 டிசம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்டு 1996இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, பிரீமியம் வருமானத்தைப் பார்ப்பதில்லை. ஒரே கான்டனில் (அங்குள்ள மாநிலத்தில்), ஒரே பகுதியில், ஒரே நிறுவனத்திடம் ஒரே வகைக் காப்பீடு எடுத்த வங்கி இயக்குநரும் உணவகத் தொழிலாளியும் ஒரே தொகைதான் கட்டுகிறார்கள். 2025இல் வயதுவந்த ஒருவருக்கு அது சராசரியாக மாதம் 450 பிராங்க்கை ஒட்டியிருந்தது. பிள்ளைகளுக்கும் தனியே கட்ட வேண்டும். இதற்கு மேல், ஆண்டுக்கு 300 முதல் 2,500 பிராங்க் வரை தாம் தேர்ந்த தொகையை முதலில் சொந்தமாகச் செலவிட வேண்டும். அதன்பின் ஆகும் செலவிலும் பத்து சதவீதத்தை, 700 பிராங்க் உச்சம் வரை கொடுக்க வேண்டும். பல் மருத்துவம் பெரும்பாலும் இதில் சேராது. கான்டன்கள் நான்கில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்குப் பிரீமிய மானியம் தந்து சுமையைக் குறைக்கின்றன. ஆனால் மானியத்துக்குச் சற்று மேலே நிற்கும் குடும்பம்தான் மிகவும் நசுங்குகிறது. ஈழத்தமிழர் பலர் வாழும் நாடு அது; அவர்களில் உணவகம், துப்புரவு, முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலைபார்க்கும் குடும்பங்கள் மாதப் பிரீமியத்தைக் குறைக்க, முதலில் சொந்தமாகச் செலவிடும் தொகையை உச்சமான 2,500 பிராங்க்காகத் தேர்ந்தால், பிறகு மருத்துவரிடம் போவதையே தள்ளிப்போடும் நிலை வரலாம். சிகிச்சையின் தரத்திலும் விரைவிலும் சுவிட்சர்லாந்து உயர்ந்து நிற்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் வருமானம் பாராத பிரீமியத்தை நான் நியாயம் என்று ஏற்கமாட்டேன். எல்லாக் காப்பீட்டையும் ஒரே பொது நிதியமாக்கும் யோசனையை 2014 வாக்கெடுப்பில் மக்களே பெரும்பான்மையாக நிராகரித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பிரித்தானியா வேறு பாதையில் போனது. 1942 டிசம்பரில் வெளிவந்த, பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜின் சமூகக் காப்பீட்டு அறிக்கை வழிகாட்ட, சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் 1948 ஜூலை 5ஆம் நாள் என்எச்எஸ் என்னும் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கினார். மருத்துவமனைகள் அரசுடைமையாயின, பணம் பெரும்பாலும் பொது வரியிலிருந்து. மூன்றே ஆண்டுகளில், கண்ணாடிக்கும் பல்செட்டுக்கும் கட்டணம் விதிக்க அரசு முடிவெடுத்தபோது பெவன் பதவியை விட்டு விலகினார். இன்றும் இங்கிலாந்தில் மருந்துச் சீட்டுக்கு ஒரு மருந்துக்கு 9.90 பவுண்ட் கட்டணம் உண்டு. முதியோர், சிறுவர், வருமானம் குறைந்தோர் முதலியோருக்கு விலக்கு இருப்பதால் மிகப் பெரும்பாலான மருந்துகள் கட்டணமின்றியே தரப்படுகின்றன. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து ஆகிய மூன்றிலும் அந்தக் கட்டணமே இல்லை.

ஆண்டு பட்ஜெட்டில் கருவூலம் ஒதுக்கும் தொகையே வரம்பு என்பதால், அதை நோயாளி காத்திருப்பில் உணர்கிறார். இங்கிலாந்தில் திட்டமிட்ட சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023 செப்டம்பரில் சுமார் 77 இலட்சத்தைத் தொட்டது; 92 சதவீதம் பேருக்குப் பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016க்குப் பிறகு நிறைவேறவில்லை. இதை வைத்து, வரிமுறை என்றாலே காத்திருப்புதான் என்று முடிவுகட்டுவது தவறு. டென்மார்க்கும் வரியில்தான் இயங்குகிறது. அங்கே காத்திருப்பு இந்த அளவுக்குப் போகவில்லை. பல ஆண்டுகளாகக் கட்டடங்களுக்கும் கருவிகளுக்கும் படுக்கைகளுக்கும் குறைவாகச் செலவிட்டதன் விளைவையே பிரித்தானியா இன்று சுமக்கிறது. என்எச்எஸ் உலகுக்குக் காட்டிய நல்ல வழி ஒன்றும் உண்டு. 1999இல் அமைக்கப்பட்ட நைஸ் என்னும் மதிப்பீட்டு நிறுவனம், ஒரு புதிய மருந்து நலமான வாழ்நாளில் ஓர் ஆண்டைக் கூட்ட எவ்வளவு செலவாகிறது என்று கணக்கிட்டு, நெடுங்காலம் 20,000 முதல் 30,000 பவுண்டை வரம்பாக வைத்து, பொதுப் பணத்தில் அதை வாங்கலாமா என்று பரிந்துரைத்துவந்தது. மறுப்பதற்கான காரணத்தையும் பொதுவில் வைக்கும் துணிவு மதிக்கத்தக்கது.

இத்தாலி 1978 டிசம்பரில், அமைச்சர் டீனா அன்செல்மியின் காலத்தில், காப்பீட்டு நிதியங்களைக் கலைத்துவிட்டு வரிமுறைக்கு மாறியது; போர்ச்சுகல் 1979இலும் ஸ்பெயின் 1986இலும் அதே திசையில் சட்டமியற்றின. இத்தாலியில் இருபது மாகாணங்களும் தத்தம் மருத்துவமனைகளை நடத்துகின்றன. விளைவாக, தெற்கிலுள்ள கலாபிரியாவிலிருந்தும் கம்பானியாவிலிருந்தும் நோயாளிகள் அறுவை சிகிச்சைக்காக வடக்கிலுள்ள லொம்பார்டிக்கும் எமிலியா-ரொமாஞ்ஞாவுக்கும் ரயிலேறுகிறார்கள். செலவை அவர்களுடைய சொந்த மாகாணம் வடக்குக்குச் செலுத்துகிறது. ஏழைத் தெற்கின் பணம் பணக்கார வடக்கின் மருத்துவமனைகளை வளர்க்கிறது. சட்டம் எல்லாருக்கும் ஒரே உரிமையைத் தந்தாலும், அந்த உரிமை பயணச்செலவு செய்ய முடிந்தவருக்குத்தான் முழுதாகக் கைகூடுகிறது. சுவீடனில் 21 மண்டலங்கள் தாமே வருமான வரி வசூலித்து மருத்துவத்தை நடத்துகின்றன. மண்டலங்களிடையே ஈடுசெய்யும் நிதிப்பகிர்வு வலுவாக இருப்பதால் இத்தாலியின் அளவுக்குப் பிளவு ஏற்படவில்லை.

கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் 1989க்கு முன் சோவியத் பாணி அரசு மருத்துவம் இருந்தது. பிறகு செக், ஹங்கேரி, எஸ்தோனியா போன்ற பல நாடுகள் காப்பீட்டு முறைக்குத் திரும்பின. போலந்து 1999இல் வட்டார நிதியங்களை அமைத்து, 2003இல் அவற்றை ஒரே தேசிய நிதியமாக்கியது. இந்நாடுகள் சிலவற்றிலும் கிரீஸிலும் மருத்துவருக்கு உறையில் வைத்துப் பணம் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. ஹங்கேரி 2021இல் மருத்துவர் சம்பளத்தைப் பெரிதும் உயர்த்தி, இப்படி உறைப்பணம் வாங்குவதைக் குற்றமாக்கியது. கிரீஸ் இன்னொரு பாடத்தையும் தந்தது. அங்கே காப்பீடு வேலையோடு பிணைந்திருந்தது; 2009க்குப் பின் வந்த நெருக்கடியில் வேலையிழந்தவர்கள் சில காலத்தில் காப்பீட்டையும் இழந்தார்கள். 2016இல் காப்பீடற்றோருக்கும் பொது மருத்துவமனைகளைத் திறந்துவிடத் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

வேலைக்குப் போவோர் குறைந்து முதியோர் பெருகும்போது சம்பளச் சந்தாவை மட்டும் நம்பியிருப்பது எங்கேயும் கடினமாகிவருகிறது. அதனால்தான் பிரான்ஸ் 1991இல் சம்பளம் மட்டுமன்றி ஓய்வூதியம், முதலீட்டு வருமானம் ஆகியவற்றின்மீதும் விழும் ஒரு பொதுப் பங்களிப்பைக் கொண்டுவந்து, பின்னர் மருத்துவச் சந்தாவின் பெரும்பகுதியை அதற்கு மாற்றியது. ஜெர்மனியில் மத்திய அரசு ஆண்டுதோறும் 1,450 கோடி யூரோ வரிப்பணத்தை நிதியங்களுக்குத் தருகிறது. எஸ்தோனியாவில் வேலையில் இல்லாத ஓய்வூதியருக்காக அரசே பங்களிப்புச் செலுத்தத் தொடங்கியிருக்கிறது. பிஸ்மார்க்கின் பெயரில் இருக்கும் நாடுகளெல்லாம் மெல்ல மெல்ல வரியை நோக்கி நகர்கின்றன.

எது சிறந்தது என்ற கேள்விக்கு ஆயுட்காலத்தை வைத்து விடை சொல்வோர் உண்டு. ஸ்பெயினில் சராசரி ஆயுள் 84 ஆண்டுகளை ஒட்டியிருக்கிறது. தலைக்கு அதைவிட மிக அதிகமாகச் செலவிடும் ஜெர்மனியில் 81ஐ ஒட்டி. உணவு, புகை, மது, நடை, குடும்ப வாழ்வு ஆகிய எல்லாம் சேர்ந்து தீர்மானிப்பதை மருத்துவ முறையின் கணக்கில் மட்டும் எழுத முடியாது. என் மதிப்பீட்டில், நோயின் வேளையில் நிதிக்கவலை மிகக் குறைவாக இருக்கும் நாடுகள் பிரான்சும் பிரித்தானியாவும். நோயாளியின் தேர்வுரிமையையும் பகிர்வையும் நன்றாகச் சேர்த்த நாடு நெதர்லாந்து. குடும்பத்தோடு குடியேறப்போகிறவர், அங்குள்ள பிரீமியத்தை மட்டும் பார்க்காமல், சிகிச்சை தொடங்கும் முன் சொந்தமாகச் செலவிட வேண்டிய தொகை, குழந்தைகளுக்கு என்ன விதி, குடும்ப மருத்துவர் வழியாகத்தான் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டுமா என்பவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

முதுமைக்காலப் பராமரிப்பை இந்த ஒப்பீட்டில் பலரும் விட்டுவிடுகிறார்கள். இங்கிலாந்தில் புற்றுநோய் வந்தால் சிகிச்சை முழுதும் என்எச்எஸ் பொறுப்பு. மறதிநோய் வந்து முதியோர் இல்லத்தில் இருக்க நேர்ந்தால், 23,250 பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர் பெரும்பாலும் தம் செலவிலேயே இருக்க வேண்டும். தனியாக வாழ்ந்தவரானால் வீட்டின் மதிப்பும் அந்தக் கணக்கில் சேரும். நெதர்லாந்து 1968லேயே நீண்டகாலப் பராமரிப்புக்குத் தேசியக் காப்பீடு கொண்டுவந்தது. ஜெர்மனி 1995இல் தனிச் சந்தாவோடு ஒன்றைத் தொடங்கியது. ஆனால் அது செலவின் ஒரு பகுதியை மட்டுமே ஏற்பதால், இல்லங்களில் இருப்பவர்கள் மீதியைத் தம் ஓய்வூதியத்திலிருந்தோ சேமிப்பிலிருந்தோ கட்டுகிறார்கள். அதற்கும் வழியில்லாதவர்கள் அரசின் சமூக உதவியை நாடுகிறார்கள்.